அபூதாஹிர் அடங்கிய வரலாறு

சுதந்திர இலங்கையின் மாபெரும் சாதனை எதுவென்று கேட்டால், திருகோணமலைத் துறைமுகத்தில் ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்: அபூதாஹிரை அடக்கியதுதான்.

சிறுவயதில் அவர் வகுப்பில் இருந்ததைக் கண்டவர் இல்லை. ஜன்னலில் இருந்ததைக் கண்டவர் பலர். மூதூர் போகும் லோஞ்ச் படகு கரையைத் தொடுமுன் குதித்துவிடுவார் என்று வாப்பா அவரை வாங்குப் பலகையின் காலோடு கட்டிவைப்பார். பிரம்பு, கயிறு, ஓதிய தண்ணீர் என்று ஊரே 'வைத்தியம்' பார்த்தது. பலித்தது! முப்பது வயதில் அவர் வேலைக்குப் போன கந்தோர்க் கதிரையில் இருந்தால் இருந்ததுதான். ஓட்டமெல்லாம் உள்ளே போய்விட்டது. கோப்பைத் திறந்தால், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் ஏன் வட்டமாய் இருக்கின்றன என்று மனம் புறப்பட்டுவிடும். தான் பெரிய சிந்தனையாளன் என்று தன்னையே தேற்றிக்கொள்வார்.

'அடக்கமான மாப்பிள்ளை' என்று மூதூர் ஸெய்னுதீன் மகள் றஹ்மாவைக் கொடுக்கச் சம்மதித்தார். அபூதாஹிருக்கு அவள்மேல் உயிர்.

நிக்காஹ் நாளில், சிறுவயதில் அவர்மேல் பிரம்பெடுத்த சரீப் மாமாவின் தலைமையில் ஒரு லோஞ்ச் நிறையச் சனம் மூதூர் போய் இறங்கியது. பழத்தட்டு, புடவைத்தட்டு எல்லாம் பத்திரமாக இறங்கின. மாப்பிள்ளை மட்டும், வாப்பா தன்னைக் கட்டிய முடிச்சும் லோஞ்ச்சைக் கட்டிய முடிச்சும் ஒன்றா என்ற ஆராய்ச்சியில் இருந்தார். லோஞ்ச் திரும்பியது.

நடுக்கடலில் டிக்கெட் கேட்க வந்த இராசையா திடுக்கிட்டார். "தம்பி, நீங்கள் மாப்பிள்ளை எல்லோ? மூதூரில இறங்கேல்லையோ?"

"மூதூர் வந்திட்டுதா அண்ணே?"

"வந்து, போயும் விட்டுது!"

அடுத்த லோஞ்சில் நெஞ்சு பதறப் பதற அபூதாஹிர் போய்ச் சேர்ந்தபோது, மௌலவி புறப்பட எழும்பி நின்றார்.

"இறங்க மறந்த மனுசனை நம்பி என்ட புள்ளையைக் குடுக்க ஏலாது" என்றார் ஸெய்னுதீன்.

சரீப் மாமா கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "சின்னதில இருந்தே இவனுக்குக் கவனமில்ல மச்சான். நாங்க கயித்தால கட்டி, அடிச்சுத் திருத்தினது பத்தல்ல."

கூட்டம் தலையாட்டியது. பழக்கதோஷத்தில் அபூதாஹிரும் ஆட்டினார்.

திரைக்குப் பின்னாலிருந்து றஹ்மாவின் குரல் வந்தது. "வாப்பா, அவர் ஒராள், இறங்க மறந்திட்டார். இவங்க ஒரு லோஞ்ச் ஆக்கள். பழத்தட்டை மறக்கல்ல, மாப்பிள்ளையை மறந்திட்டு வந்து சர்பத்தும் குடிச்சிட்டாங்க. மாப்பிள்ளை எங்க எண்டு மௌலவி கேக்கிற வரைக்கும் ஒராளுக்கும் நினைவு வரல்ல. இவங்களைக் கட்ட எத்தின கயிறு வேணும்?"

ஸெய்னுதீன் மௌலவியின் கையைப் பிடித்து மறுபடி இருத்தினார். அபூதாஹிர் ஆடாமல் அசையாமல் பக்கத்தில் இருந்தார். அவரை அடங்கி இருக்கப் பழக்கிய சரீப் மாமாவுக்குத்தான் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.