காலை ஆறு மணி முன்னேற்றத் திட்டம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாள் அவர்களுக்கும்,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் மாடிப்படி ஏறி இறங்கும் அளவுக்குத் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மாப்பிள்ளை, நம் பேத்தி, என் மனைவி எல்லோரும் சௌக்கியம். தங்கள் மகளும் சௌக்கியம்தான். என்னோடு பேசி ஐம்பத்தொரு நாள் ஆகிறது என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. தாங்கள் அவளுக்கு ஒரு போன் போட்டு, "மாமா பாவம், விட்டுடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுங்கள்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர் என்பதும், உத்தியோகத்தில் ஒரு கோப்பைக்கூடத் தொலைத்தவனில்லை என்பதும் கல்யாணப் பேச்சின்போதே நான் இரண்டு தடவை சொன்னதுதான். இரண்டு மாதத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு அறுபது பேராவது ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டுமாம், எங்கள் வட்டாரத்தில் நாற்பத்தாறு பேர்தான் வாசிக்கிறார்களாம், உடனே முன்னேற்றத் திட்டம் அனுப்பு, ஆறு வாரத்தில் மறுசோதனை என்று எழுதியிருந்தது. எங்கள் அதிகாரி அதை மூன்று முறை படித்துவிட்டு ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார். மறுநாள் தலைமையாசிரியர்களையும் பெற்றோர் சங்கத்தையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். தலைமையாசிரியர்கள் பெற்றோரைச் சொன்னார்கள், பெற்றோர் புத்தகத்தைச் சொன்னார்கள், புத்தகம் கூட்டத்துக்கு வராததால் எல்லோரும் சேர்ந்து அதையே திட்டினார்கள். மூன்று மணி நேரம் பேசி, அறுபது என்பது மிகப் பெரிய எண் என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டுக் கலைந்தார்கள். அதிகாரி நேரே என் மேசைக்கு வந்து, "நீங்கதான் இருக்கீங்களே, ஒரு திட்டம் போட்டுடுங்க. நாளைக்குக் காலையில வேணும்" என்றார்.

இங்கே தாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புதிதாக எதையும் எழுதுகிற வழக்கமே கிடையாது. எது கேட்டாலும் இதற்கு முன் என்ன செய்தோம் என்று பழைய கோப்பைத் தேடுவோம், ஆண்டையும் தேதியையும் மாற்றுவோம், அனுப்பிவிடுவோம். அப்படித் தேடியதில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய முன்னேற்றத் திட்டம் ஒன்று அகப்பட்டது. பதினொரு அம்சம், அருமையான தட்டச்சு. அப்படியே எடுத்துப் போட்டு, கீழே என் சுருக்கொப்பத்தையும் வைத்து அனுப்பினேன். மேலிடம் மூன்றே நாளில் ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவு விரைவாக ஒப்புதல் வந்ததே இல்லை என்று அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் பழைய திட்டம் எதற்காகப் போடப்பட்டது என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. அந்த வருஷம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே வராமல் இருந்தார்களாம். ஆகவே மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் தினமும் காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து, பாதுகாவலரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நான்காவது அம்சம். இப்போதோ பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். வந்து உட்கார்ந்துகொண்டுதான் வாசிக்க மாட்டேன் என்கிறார்கள். ஒன்பதாவது அம்சம் இன்னும் மோசம். மிகவும் பின்தங்கிய வகுப்பின் ஆசிரியர் மறுசோதனையிலும் தவறினால் வட்டாரத்தின் கடைசிப் பள்ளிக்கு மாற்றப்படுவார் என்று இருந்தது. அந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போய், இறங்கி அரை மணி நடக்க வேண்டும். மிகவும் பின்தங்கிய வகுப்பு எது என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் மகளுடையதுதான்.

அவள் அதை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சுற்றறிக்கையாகப் படித்திருக்கிறாள். கீழே என் சுருக்கொப்பம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவியிடம்தான், "அத்தை, மாமாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாம், டைப் அடிச்சுச் சொல்லணுமா?" என்று கேட்டாள். நான் படிக்காமல்தான் அனுப்பினேன் என்று சொன்னால் உத்தியோகத்துக்குக் கேவலம், படித்துத்தான் அனுப்பினேன் என்றால் குடும்பத்துக்குக் கேவலம். பேசாமல் இருந்துவிட்டேன். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

நம் பேத்தி அவள் வகுப்பில்தான் படிக்கிறாள் என்பதால் நம் வீடும் பட்டியலில் இருந்தது. தங்கள் மகள் ஐந்தே முக்காலுக்குக் குளித்துப் புறப்பட்டு, வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, சரியாக ஆறு மணிக்குத் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவாள். நான்தான் திறப்பேன். "மாணவியோட பாதுகாவலர் இருக்காரா?" என்பாள். "நான்தாம்மா" என்பேன். "இங்க கையெழுத்து" என்று படிவத்தை நீட்டுவாள். வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் அரசாங்கத்தின் சார்பில் என்னோடு பேசியதைப் பேச்சுக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மற்ற வீடுகளில் கதை வேறு. ஆறு மணிக்குக் கண்ணாடி எங்கே என்று தெரியாத பெற்றோர்கள், "என்னடா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று படிவத்தைப் பிள்ளையிடமே தள்ளியிருக்கிறார்கள். பிள்ளைகளும் 'மேற்படி மாணவர் மேற்படி முகவரியில் காணப்பட்டு' என்று எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள். நான்கு நாள் இதைப் பார்த்த தங்கள் மகள் ஐந்தாம் நாள் வாசகத்தையே மாற்றிவிட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொன்று, தினமும் புதிது. 'மேற்படி மாணவர் நேற்று என் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் போலவே இருமிக் காட்டினார்' என்று தையற்காரர் வீட்டுக்கு. 'மேற்படி மாணவி எல்லோருடைய பென்சிலையும் சீவிக் கொடுத்துத் தன்னுடையதை மறந்துவிட்டார்' என்று பேக்கரிக்காரர் வீட்டுக்கு. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, எந்தப் பிள்ளைதான் துடிக்காது? ஐந்தரைக்கே வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். மற்ற ஆசிரியர்களும் பார்த்துவிட்டு அப்படியே செய்தார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒருநாள் நான் கையெழுத்துப் போட்ட பிறகு நம் பேத்தி படிவத்தை வாங்கி, தெருவே கேட்கும்படி வாசித்தாள்: "மேற்படி மாணவியின் தாத்தா எதையும் படிக்காமலே கையெழுத்துப் போடுபவர் என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறேன்." எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சென்ற வாரம் மறுசோதனை முடிவு வந்தது. வட்டாரம் அறுபத்து மூன்று. தங்கள் மகள் வகுப்பு எழுபத்தொன்பது. ஒன்பதாவது அம்சம் தானாகவே செத்துப்போயிற்று. இவ்வளவு ஆன பிறகும் அவள் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான், சம்பந்தி; அவள் எதிரில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, தங்களுக்கு எழுத வருகிறது. எனவே அவசியம் போன் செய்யவும். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் வீட்டில் எல்லோரும் வலியின்றி நடந்து, வேளைக்குச் சாப்பிட்டு, என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டு நீடூழி இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் ஓர் ஆணை வந்துவிட்டது. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர், "இந்தப் படிவ யோசனை யாரோடது?" என்று தங்கள் மகளிடம் கேட்டாராம். "எங்க மாமாவோடது சார்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறாள். மன்னித்துச் சொன்னாளா, பழிவாங்கச் சொன்னாளா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்கள் ஊர் வட்டாரமும் வாசிப்பில் தவறிவிட்டதாம். அதைத் தூக்கி நிறுத்த என்னை மூன்று மாதம் அங்கே போகச் சொல்லி உத்தரவு. தங்கள் வீட்டு மாடியறையில் தங்கிக்கொள்ளலாம் என்று தங்கள் மாப்பிள்ளை சொல்கிறான். திங்கட்கிழமை ரயில் அங்கே காலை ஐந்தரைக்கு வருகிறது. என் சட்டைகளை எல்லாம் தங்கள் மகளே இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கினாள். அடுக்கி முடித்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஐம்பத்திரண்டாம் நாளில் வாய் திறந்தாள்: "அப்பா லேசில எழுந்திருக்க மாட்டார் மாமா. கதவைக் கொஞ்சம் பலமாத் தட்டுங்க."