சீட்டை மேசையில் வைத்தவன் எழுதுவது

வங்கி மீட்பைப் படமாக எடுத்த இயக்குநர் அவர்களுக்கு, அதே வங்கியில் அன்று அடைபட்டுக் கிடந்த பதினான்கு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்த கடைநிலை ஊழியன் எழுதுவது. நானும் என் மனைவியும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

இது என் முதல் கடிதம். ஐந்து மாதத்துக்கு முன் உங்கள் படத்தைக் கொட்டகையில் பார்த்த மறுநாளே முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எழுபத்தாறு வயதில் எதற்கு என்று மகள் கேட்டாள். மூட்டுவலிக்கு நல்லதாம் என்று சொல்லிவைத்தேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஓடுகிறது. ‘ழ’ வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன், அவ்வளவு அழகாக வந்துவிட்டது. மகளிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம். ஆனால் இதில் இருப்பது அடுத்தவர் கையால் எழுத முடியாத விஷயம்.

முதலில் சின்னத் தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். அதிரடிப்படைத் தலைவர் கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கயிற்றில் இறங்குகிறார். எங்கள் வங்கிக் கூரையில் கண்ணாடி கிடையாது. மழைக்கு ஒழுகும் ஓட்டை ஒன்று உண்டு, அதில் பூனைகூட இறங்காது. அவர்கள் வந்தது பின்வாசல் வழியாக, என் டீ அறைக்குள். முதலில் நுழைந்தவர் வாயில் விரல் வைத்து என்னைப் பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் சர்க்கரை போடலாமா என்று கேட்டேன். சண்டையை இருபது நிமிஷம் காட்டுகிறீர்கள். நான் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைப் படத்தில் காட்டவே இல்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவிதான் எடுத்துக்கொண்டாள். “டீ வருது, கிளாஸ் வருது, தட்டுகூட வருது. உங்களை மட்டும் காணோமே” என்று கொட்டகையிலேயே நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

இனிப் பெரிய தப்பு. சிறையில் இருந்த அண்ணனை விடச்சொல்லி அந்த மூன்று பேரும் துப்பாக்கியோடு புகுந்தார்கள் அல்லவா, எப்போது எந்த வழியாக வருவோம் என்று எங்களுக்கு எழுதி, போலீஸ் ரொட்டிப் பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வைத்து அனுப்பியது அல்லவா, அதைக் காசாளர் எடுத்து, உயிர் பிழைக்க ஆசைப்பட்டு, கும்பல் தலைவன் காதில் ஓதிக் காட்டிக்கொடுத்ததாக எடுத்திருக்கிறீர்கள். மேலாளர் தன் கண்ணால் பார்த்ததாகப் பேட்டி வேறு கொடுத்திருக்கிறார். அந்தக் காசாளர் என் நண்பர், எண்பத்தொரு வயது. தினமும் காலையில் பூங்கா பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர், படம் வந்ததிலிருந்து வருவதில்லை. இரண்டு வாரம் முன் டிவியிலும் போட்டுவிட்டீர்கள். உங்க தாத்தாதானா அந்த ஆள் என்று பிள்ளைகள் கேட்டதில் அவர் பேத்தி கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறாள். திங்கட்கிழமை பரீட்சை.

அவர் காட்டிக்கொடுக்கவில்லை. சீட்டைத் தலைவனிடம் கொடுத்தது நான்தான்.

எப்படி என்று கேளுங்கள். பொட்டலத்தை வாசலில் போய் எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். பிரித்தால் ஒரு காகிதம். அந்த நாளில் எனக்கு எழுத்து, எறும்பு இரண்டும் ஒன்று. ஆனால் பதினாறு வருஷ வேலையில் ஒன்று தெரியும்: எந்தக் காகிதம் வந்தாலும் மேலாளர் நாற்காலியில் இருப்பவர் மேசையில் வைத்து, மேலே பேப்பர்வெயிட் வைக்க வேண்டும். கை தானாகச் செய்தது. வைத்து, நகர்த்தி, நேராக்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது துப்பாக்கிக்காரன். மேலாளர் தரையில் உட்கார்ந்திருந்தார். போய் டீ போடு என்றான், போய்விட்டேன். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். விஷயம் தெரிந்தும் மூன்று பேரும் முன்வாசலைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டி நின்றார்கள், போலீஸ் பின்னால் வந்து அள்ளிக்கொண்டு போனது. அவர்களுக்கு ஏன் அப்படிப் புத்தி கெட்டது என்று முப்பத்தெட்டு வருஷமாக எனக்குப் புரியவில்லை. சீட்டு என்ன ஆயிற்று என்று போலீஸ் கேட்டபோது, சேர்க்க வேண்டிய மேசையில் சேர்த்துவிட்டேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆகவே காசாளர் குற்றமற்றவர், அவர் தலைவன் பக்கமே போகவில்லை, தவறு செய்தவன் டீ போட்டவன் என்று படத்தின் முடிவில் பெரிய எழுத்தில் போடுங்கள். நான் இப்போது பெரிய எழுத்தெல்லாம் படிப்பேன். உங்கள் அடுத்த படம் நன்றாக ஓடட்டும், வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகள் இருந்தால் என் ஆசி.

இப்படிக்கு,
டீ போட்டவன்

பின்குறிப்பு: பதினொரு நாள் எழுதியதை அனுப்புமுன் காசாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் நானே வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அவனுக்குப் படிக்கத் தெரியாதுப்பா” என்றார்.

யாருக்கு என்றேன்.

“உன் மேலாளர் நாற்காலிக்காரனுக்கு. சீட்டைத் தலைகீழாப் பிடிச்சிருந்தான். கூட்டாளிங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு என்னைக் கூப்பிட்டு, காதோட படின்னான். நாலு மணிக்குப் பின்வாசல்னு இருந்துச்சு. நான் முன்வாசல்னு படிச்சேன்.”

இத்தனை வருஷம் ஏன் சார் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“திறந்தா, சீட்டு அவன் மேசைக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே. உனக்கு அப்ப ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க.”

ஆகவே மேலே நான் எழுதியது தப்பு. அவர் தலைவன் காதில் பேசியது உண்மை. உங்கள் படத்தில் சரியாக இருக்கும் ஒரே காட்சி அதுதான். அவர் என்ன பேசினார் என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள், கூரைக் கண்ணாடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுத இன்னும் பதினொரு நாள் ஆகும், பரீட்சையோ திங்கட்கிழமை, அதனால் இப்படியே மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். மேசையில் வைக்காதே, நாற்காலியில் இருப்பது யார் என்று கேட்டுவிட்டுக் கையில் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.