மாமனாருக்குக் காட்டின ஊத்து

தண்ணி கெட்ட ஊருக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான். எங்க ஊர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு நடுவுல இருக்குது. போர் தண்ணி மஞ்சளா வரும். வெள்ளைச் சட்டையைத் துவைச்சா சந்தனக் கலர் ஆயிடும். எனக்கு வந்த சம்பந்தமெல்லாம் ஒரு சொம்புத் தண்ணியோட எழுந்து போயிடும்.

பள்ளிப்பட்டுல ஒரு இடம் அமைஞ்சது. போய்ப் பார்த்தோம். பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிச்சது. (வேற யாரையோன்னு நெனச்சு நான் பின்னாடி திரும்பிப் பார்த்தேன்.) அடுத்து அதோட அப்பா எங்க ஊடு பார்க்க வந்தார். சொம்பை வாய்கிட்ட கொண்டு போனவர், குடிக்காம கீழ வெச்சிட்டார்.

"மாமா, எங்க ஊர்ல ஊத்து இருக்குது"ன்னேன்.

பொய் இல்லை. தேர்வாய் கண்டிகை கம்பெனியில நைட் ஷிப்ட் முடிச்சு வரும்போது அங்கதான் மொகம் கழுவுவேன். ரோட்டோரம் ஒரு பள்ளம், சுத்தி கோரை. அடியில மணல் கொதிக்கிற மாதிரி தண்ணி பொங்கும். கண்ணாடி மாதிரி இருக்கும்.

இட்டுக்கினு போனேன். குனிஞ்சு பார்த்தார். ஒரு கை அள்ளிக் குடிச்சார்.

"இன்னா மாப்ள, மருந்து வாசனை வருதே?"

"மூலிகை மாமா. வேர்லேர்ந்து எறங்குது."

(மாப்ளன்னு கூப்பிட்டுட்டார். அதுக்கு மேல எனக்கு மூளை ஓடலை.)

இன்னொரு கை அள்ளினார். அப்போ பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் வண்டியில வந்து நின்னார்.

"யோவ், ஒடஞ்ச பைப்புல இன்னா பண்ணிக்கினு கீறீங்க? ப்ளீச்சிங் ஜாஸ்தி போட்டுக்கீது, குடிக்காதீங்க!"

நீளச் சாவி ஒண்ணை எடுத்து, பக்கத்து வால்வு குழியில விட்டுத் திருப்பினார். ஊத்து ரெண்டு தபா விக்குச்சு. நின்னுடுச்சு.

நான் காலையில மட்டும்தான் அதைப் பார்த்திருக்கேன். சாயங்காலம் வராதுன்னு யாரோ சொன்னாங்க. ஊத்துக்கும் ஷிப்ட் இருக்கும்னு நெனச்சேன்.

பொண்ணோட அப்பா துண்டால வாயைத் தொடச்சார். "தம்பி, உங்க ஊத்தைப் பூட்டி சாவியை எடுத்துக்கினு போறாரு பாரு"ன்னார்.

மாப்ள போய் தம்பி ஆயிட்டேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன். கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கி, வாய் கொப்பளிச்சிட்டு பஸ் ஏறினார்.

அந்தப் பொண்ணைப் பொன்னேரியில குடுத்தாங்க. அங்கயும் கேன் தண்ணிதானாம். எனக்கு இன்னும் அமையலை. எந்த ரோட்டுல பைப் ஒடஞ்சாலும் எங்க அக்கா போன் பண்ணும்.

"டேய், இங்க ஒரு ஊத்து கெளம்பிக்கீது. மாமனார் யாராச்சும் இருந்தா இட்டுக்கினு வா."