மஞ்சள் பனியும் பெட்டி அண்ணையும்

பனிக்கட்டியிடம் மன்னிப்புக் கேட்கும் தமிழர் இவ்வுலகில் ஒருவரே. அவர் லண்டனின் ஹரோவில் வாழ்கிறார். உறைந்த அருவியின்மேல் கோடரியை ஓங்குமுன், "கோவிக்காதேங்கோ, ஒரு கொத்துத்தான்" என்று அதன் காதில் சொல்லிவிட்டே கொத்துவார். முன்னே ஏறியவர் விட்டுப்போன துளை இருந்தால் புதுத்துளை இடமாட்டார். கழுவிய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று எப்போதும் அவருடைய முதுகுப்பையில் இருக்கும். மலையில் கண்ட குப்பையெல்லாம், யாரோ எறிந்த தோடம்பழத்தோல் உட்பட, அதற்குள் அடைக்கலம் புகும். அதனால் அவர் எங்களுக்குப் பெட்டி அண்ணை.

தமிழ்க் கடைகளில் மீன் வைக்கும் குளிரூட்டிகளைத் திருத்துவது அவர் தொழில். பனியில் ஏறும்போது துண்டு உதிர்ந்தால், கீழே நிற்பவர் விலகும்படி கூவி எச்சரிப்பது மலையேறுவோர் ஒழுக்கம். அண்ணை அதனைத் தொழிலிடத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒருநாள் ஸ்ட்ரெதத்துக் கடையொன்றில் அவர் குளிரூட்டியைச் சுரண்டியபோது, கடலையளவு துண்டொன்று தரையில் விழுந்தது. "பனி வருது, தள்ளுங்கோ!" என்று அவர் எழுப்பிய குரலில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அனைவரும் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். மீன் வெட்டுபவர் கத்தியோடு வந்து நின்றார்.

இத்தகையவருக்கு ஒரே ஓர் ஆசை: ஸ்கொட்லாந்தில் தாம் மனம் பறிகொடுத்த அருவியொன்றில் ஏற வேண்டும். நான்கு குளிர்காலங்களாக அது முழுதாய் உறையவில்லை. சென்ற ஆண்டுத் தையில் உறைந்தது. அண்ணையும், அவரால் இழுத்துச் செல்லப்பட்ட நானும், சென்னைக்காரரான மருத்துவர் ரகுவும் முதல்நாளே சென்று தங்கி, விடிந்ததும் அடிவாரம் சேர்ந்தோம். பத்து மணிக்குமேல் பனியில் வெயில் விழும். அதற்குள் ஏறியாக வேண்டும்.

எங்களுக்கு அரை நிமிடம் முன்னதாக இரு வெள்ளைக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். முந்தி வந்தவரே முந்தி ஏற வேண்டும். ஏறுபவருக்கு நேர்கீழே நிற்கவும் கூடாது. எட்ட நின்று காத்திருந்தபோது எனக்குப் பசித்தது. இடியப்பப் பொதியை அவிழ்த்து, கையுறையோடு சொதிப் போத்தலைத் திறந்தேன். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சொதி முழுவதும் வெண்பனியில் கவிழ்ந்தது. ஒருவரும் காணவில்லை என்று எண்ணி, பொதியை மூடிக்கொண்டு மெல்ல அவ்விடம் விட்டு நகர்ந்தேன்.

பெண்கள் ஏறி முடித்தனர். கயிற்றை எடுக்கத் திரும்பிய அண்ணை மஞ்சள் பனியைக் கண்டார். கயிற்றை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார்.

சொதி ஆழ இறங்கியிருந்தது. அள்ள அள்ள மஞ்சளே வந்தது.

"அண்ணே, வெயில் வந்துட்டிருக்கு. சொதி இயற்கையான பொருள்தானே?" என்றார் ரகு.

"ஓம், இயற்கைதான். ஆனா அது எங்கட ஊர் இயற்கை. இந்த மலைக்கு அது குப்பை."

வேறு வழியாக இறங்கிவந்த பெண்கள் பெட்டிக்குள் இருந்த மஞ்சள் பனியைப் பார்த்தனர். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தனர். நிலைமையைச் சீர்செய்ய எண்ணிய ரகு, தாம் ஒரு மருத்துவர் என்று அறிமுகம் செய்துகொண்டார். அவர்கள் நடையை எட்டிப் போட்டனர்.

கடைசி மஞ்சளும் பெட்டிக்குள் அடங்கியபோது, அருவியின் உச்சியிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியிருந்தது. அண்ணை பனியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இண்டைக்கு ஏலாது. மெல்லிசாப் போச்சு. இப்ப கொத்தினா உள்ளுக்க இருக்கிற பாசியும் பிஞ்சுகொண்டு வரும்."

நான்கு ஆண்டுக் காத்திருப்பு அவ்வளவில் முடிந்தது. விருந்துவீட்டில் விடைபெறுபவரைப் போல் அருவியைப் பார்த்து, "போட்டு வாறம்" என்றார்.

வண்டி நிறுத்திய இடத்தில் உண்ண அமர்ந்தோம். தம் சொதியில் பாதியை அண்ணை என் இடியப்பத்தில் ஊற்றினார். நானும் உண்டேன். லண்டனை நோக்கிப் பாதி வழி வந்தபின், பெட்டிக்குள் உருகிய மஞ்சள் நீர் என் மடியில் தளும்பிக்கொண்டிருக்க, வாய் திறந்தேன்.

"அண்ணை, சொதியை ஊத்தினது நான்தான்."

"தெரியும். உம்மட இடியப்பம் மட்டும் காய்ஞ்சு கிடந்ததே."

"பின்னை ஏன் அப்பவே கேக்கேல்ல?"

"கேட்டிருந்தா நீர் சாப்பிடாமல் விட்டிருப்பீர்."

இந்தக் குளிர்காலம் முழுவதும் லண்டனில் மழையே பெய்கிறது. ஆயினும் நாள்தோறும் ஸ்கொட்லாந்தின் குளிர் எவ்வளவு என்று பார்த்துவிட்டே காலைத் தேநீரைக் குடிக்கிறேன். எனக்காக அல்ல.