நீர்க்காகத்துக்கு நான் ஓட்டுக் கேட்ட கதை

பொறாமையே கிடையாது என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் ஒரு பறவைக்காக அது என்னை ஊரெல்லாம் ஓட்டுக் கேட்க வைக்கும் என்று நினைத்ததில்லை.

அப்போது கேரளத்தில், களமசேரியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரில் விளையாடும் கேம் செய்கிறவர்கள். எங்கள் கேமில் விளையாடுகிறவர் சொந்தமாக ஒரு மிருகக்காட்சிசாலை கட்ட வேண்டும். கூண்டு கட்டி, குளம் வெட்டி, மிருகங்களை விட்டு, டிக்கெட் போட்டுக் கூட்டம் சேர்க்க வேண்டும். அந்தக் கூண்டையும் குளத்தையும் வரைவது நான். நாலு வருஷமாகப் புலிக்கும் யானைக்கும் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். (மட்டாஞ்சேரியில் எங்கள் சொந்த வீட்டில் மழை வந்தால் ஹாலில் மூன்று வாளி வைக்க வேண்டும். அது வேறு கதை.)

ஜிஷா சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திருச்சூர்க்காரி. நாலு வருஷத்தில் மீனா என்ற என் பெயரைக்கூடக் கேட்காத வாட்ச்மேன் சேட்டன் அவளிடம், "மோளே, குடை எடுத்தியா?" என்று விசாரிப்பார். ஆபீஸ் பூனை அவள் மடியில்தான் தூங்கும். மத்தியானம் அவளுடைய மீன்கறி டப்பாவைச் சுற்றிக் கூட்டம் நிற்க, என் புளிச்சாதம் திறந்தபடியே ஆறிக்கிடக்கும். இதில் பெரிய கொடுமை, அவள் நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வெறுத்திருப்பேன்!

ஒருநாள் எங்கள் முதலாளி சஜி சார், கேமில் புதிதாகப் பறவைகள் சேர்க்கப் போவதாகச் சொன்னார். எங்கள் நாலு பேரில் ஆளுக்கொரு பறவை சொல்ல வேண்டும். விளையாடுகிறவர்கள் இணையத்தில் ஓட்டுப் போடுவார்கள். எது ஜெயிக்கிறதோ, அதைச் சொன்னவர்தான் பறவை டீமுக்கு லீட். "விளையாடறவங்க மட்டும்தான் ஓட்டுப் போடணும். வீட்டுக்காரங்கள வெச்சு யாரும் குத்தக் கூடாது, கேட்டோ" என்று எச்சரிக்கையும் செய்தார்.

நாலு வருஷம் உழைத்தவள் நான். அந்த லீட் பதவி என்னுடையது என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். பறவையும் தயார்: இருவாச்சி. மலையாளத்தில் வேழாம்பல். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை சின்னப் பிளவு வழியாகப் பழம் ஊட்டும். இதைக் கேமில் காட்டினால் கூட்டம் அள்ளும். ஒரு வாரம் உட்கார்ந்து பொந்தெல்லாம் வரைந்து வைத்திருந்தேன்.

மீட்டிங்கில் சார் தன் இடப்பக்கத்திலிருந்து கேட்க ஆரம்பித்தார். அங்கே உட்கார்ந்திருந்தது ஜிஷா.

"வேழாம்பல், சார்."

எல்லோரும் "ஆஹா" என்றார்கள். கேரளத்தின் மாநிலப் பறவை அது, எந்த மலையாளியைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கனவுக்குள் புகுந்து திருடிவிட்டாள் என்றே தோன்றியது.

என் முறை வந்தபோது மண்டையில் ஒன்றுமே இல்லை. காலையில் படகில் வரும்போது கரையோரச் சீன மீன்வலையின் கழிமேல் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு ஒரு பறவை நின்றது மட்டும் ஞாபகம் வந்தது.

"நீர்க்காகம், சார்."

"கறுப்பா இருக்குமே, அதா?"

"கறுப்புதான் சார். ஆனா நல்லா முங்கும்."

சார் அதை எழுதிக்கொண்ட விதத்திலேயே பரிதாபம் தெரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து உலகத்திலேயே உத்தமமான பறவை நீர்க்காகம்தான் என்று நான் நம்பத் தொடங்கினேன்.

மிளகு வியாபாரத்துக்காக மூன்று தலைமுறைக்கு முன் மட்டாஞ்சேரிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் தெருவில் நிறைய. மாரியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நூற்றுச்சொச்சம் பேர். ஒருவர்கூட எங்கள் கேமை விளையாடியதில்லை. சாரின் எச்சரிக்கை ஞாபகம் இருந்தது. ஜிஷாவின் மீன்கறியும் ஞாபகம் இருந்தது. ஓட்டுப் போடும் சுட்டியை அந்தக் குழுவில் போட்டேன்.

வெறுமனே போட்டேனா? என் தலைமுறையில் எங்கள் தெருவில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. மற்றவர்கள் குழுவில் குரலைப் பதிவுசெய்து அனுப்புவார்கள், இல்லையென்றால் மலையாளத்தில் எழுதுவார்கள். நானோ செந்தமிழில் முழுநீள அறிக்கை விட்டேன். "அன்பார்ந்த தெருமக்களே! உங்கள் வீட்டுப் பெண்ணின் வெற்றி உங்கள் விரல் நுனியில். மூன்றாவது படத்தில் காணும் கருநிறப் பறவைக்கே உங்கள் பொன்னான வாக்கு." எழுதி முடித்து நானே நாலு முறை படித்து ரசித்தேன்.

பதில்கள் குவிந்தன. கைகூப்பு, கட்டைவிரல், பூங்கொத்து. எதிர்வீட்டு அஞ்சு, நர்சிங் படிக்கிறவள், "எல்லாரும் குத்தியாச்சு சேச்சி, நம்ம ஜெயிச்சோம்!" என்று பேசி அனுப்பினாள். லீட் ஆன பிறகு எப்படிப் பணிவாகச் சிரிப்பது என்று கண்ணாடி முன் நின்று இரண்டு நாள் பழகினேன்.

முடிவு சொல்லும் நாளில் சஜி சார் பெரிய திரையில் வரைபடம் ஒன்றைக் காட்டினார். எந்த ஊரிலிருந்து எத்தனை ஓட்டு என்று அதில் வட்டம் வட்டமாக இருந்தது. மட்டாஞ்சேரிமேல் மட்டும் ஒரு வட்டம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"வேழாம்பல் ஜெயிச்சாச்சு. மட்டாஞ்சேரி ஓட்டைக் கழிச்சாலும் அதுதான் ஜெயிச்சிருக்கும். ஆனா எனக்குப் புரியல, அங்கேருந்து இத்தனை பேர் வேழாம்பலுக்கு எதுக்குக் குத்தினாங்க? நீர்க்காக்கைக்கு அங்கேருந்து ஒரே ஒரு ஓட்டு."

அந்த ஒன்று நான் போட்டது.

ஆபீஸில் மட்டாஞ்சேரிக்காரி நான் ஒருத்திதான். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஜிஷாவின் கண் கலங்கிவிட்டது. "சேச்சி... எனக்காகவா?"

உண்மையைச் சொன்னால், எனக்காகக் கள்ள ஓட்டுப் போடவைத்து அதிலும் தோற்றவள் ஆவேன். பொய் சொன்னால் தியாகி. தலையை ஆட்டிவிட்டேன். சார் என்னைத் திட்டிவிட்டு, "இருந்தாலும் மனசு பெரிசு" என்றார்.

தியாகியாக நான் வாழ்ந்தது மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை ஜிஷா ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு, தெருக்காரர்களுக்கு நன்றி சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் வாசலிலேயே பேசி அனுப்பிவிடப் பார்த்தேன். அதற்குள் அம்மா உள்ளே கூப்பிட்டுச் சாயா போட்டுவிட்டாள். அஞ்சுவும் ஓடிவந்தாள்.

"சேச்சியோட பக்ஷி ஜெயிச்சதுக்குக் கேக்கா?" என்றாள் அஞ்சு. "கொம்பு மூக்கு வெச்சு என்ன ஐஸ்வர்யமா இருந்துச்சு! முப்பது ஃபோன்ல நானேதான் குத்திக் குடுத்தேன்."

"அஞ்சு, நான் தெளிவா எழுதியிருந்தேனே, மூணாவது படம்னு!" வாய் தவறி வந்துவிட்டது.

"தமிழ் எழுத்து எங்களுக்கு எங்க சேச்சி வாசிக்கத் தெரியும்? படத்தப் பாத்தோம். நாலுல அழகானது எதோ அதுதான் மீனா சேச்சியோடதுன்னு நெனச்சோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். "நீயாவது?"

"நான் வாசிச்சேன்டி. அதுக்காக நல்ல காரியத்துல போயி காக்காவுக்குக் குத்துவாங்களா? சனியோட வாகனம்! உன் நல்லதுக்குத்தான் பக்கத்துல இருந்த கொம்பு மூக்குல குத்தினேன்."

கத்தியும் கையுமாகக் கேக் முன்னால் நின்ற ஜிஷா என்னையே பார்த்தாள். "அப்போ சேச்சி எனக்காக இல்லையா?" நான் கேக்கைப் பார்த்தேன். அதில் வேழாம்பல் படம் போட்டிருந்தது. திடீரென்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சேச்சி, நான் குத்தினது நீர்க்காக்கைக்கு. அது சிறகைக் காயப்போட்டு நிக்கறது கேம்ல வந்தா எத்தனை ரசமா இருக்கும்னு தோணிச்சு."

அந்த நல்ல மனசைப் பார்த்து நான் அன்றைக்குப் பட்ட பொறாமைதான் என் வாழ்நாளிலேயே பெரியது.

லீட் ஆனதும் ஜிஷா முதல் வேலையாக நீர்க்காகத்தையும் கேமில் சேர்த்தாள். குளம் நான் வெட்டினேன். அதன் குணத்தை அவள் எழுதினாள்: பக்கத்துக் கூண்டில் வேழாம்பலைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தால், நீர்க்காகம் முதுகைத் திருப்பிக்கொண்டு இறக்கையை விரித்து நிற்கும். எதற்கு இப்படி என்று சார் கேட்டதற்கு, "நேர்ல பார்த்து எழுதினது சார்" என்றாளாம்.

எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தக் கேலி ஓயவில்லை. தம்பி பெண்டாட்டியின் புதுச் சேலையை யாராவது புகழும்போது நான் மெல்ல எழுந்து ஜன்னல் பக்கம் போனால் போதும், அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "யாராச்சும் அவளக் கொஞ்சம் வெயில்ல விடுங்க. இறக்கை காயணும்."