அக்காவின் கல்யாண ஓலைக்கு நான் சொன்ன தடை

படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் என்னை நாலு பேர் கூடுகிற இடத்தில் விடக்கூடாது. இதை நானே ஒத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயதில் அது யாருக்கும் தெரியாமல் போனதுதான் வினை.

எங்களுடையது கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அக்கா ஸ்டெல்லா பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெரோமுக்கு ஹார்ட்வெயார் கடை, இரண்டு லொறி, மாடி வீடு. (அப்பா மாடியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.)

மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பதற்கு முந்தின நாள் அக்காவும் நானும் இரத்தினபுரிக்குப் படம் பார்க்கப் போனோம். கதாநாயகிக்கு ஒரு பக்கம் ஏழைக் காதலன், மறுபக்கம் பணக்கார மாப்பிள்ளை. கடைசியில் அவள் மணமேடையை விட்டு இறங்கிக் காதலனிடம் ஓடினாளே, அடேயப்பா! நான் சீட்டில் ஏறி நின்று விசிலடித்தேன். பக்கத்தில் அக்கா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கொழுந்து லொறி ஓட்டும் அன்டன் தினமும் பிள்ளைக் காம்பரா வாசலில் ஹோன் அடிப்பானே! பாவம் அக்கா, பணத்துக்காகத் தலையாட்டிவிட்டாள். திரும்பும் பஸ்ஸிலேயே அவளைக் காப்பாற்றுவதென்று முடிவு கட்டினேன்.

மறுநாள் பூசைக்கு மாப்பிள்ளையும் வந்திருந்தார். பாதர் ஓலையை வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். எத்தனையோ வருஷமாக வாசிக்கிற வரி. ஒருவரும் வாய் திறந்ததில்லை. நான் எழுந்தேன்.

"பாதர், அக்காவுக்கு அன்டனத்தான் புடிக்கும். நேத்து பூரா அழுதா."

மொத்தக் கோயிலும் அன்டனைத் திரும்பிப் பார்த்தது. அவன் வேர்த்து விறுவிறுத்துப்போய், அந்த இடத்தில் வளைவு இருக்கிறது, ஹோன் அடிக்காவிட்டால் எதிரில் வருகிறவன் மோதிவிடுவான் என்றான். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தையல் விட்டது.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அதுவரை அவரும் அக்காவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மெதுவாக எழுந்து அவளைப் பார்த்துச் சொன்னார்:

"புடிக்கலன்னா சொல்லிருங்க. நான் போயிடுறேன்."

அக்காவும் எழுந்தாள்.

"நான் அழுதது படத்துல வந்த மாப்பிள்ளைக்காக. ஒரு தப்பும் பண்ணாத மனுசன மாலையோட நிக்க வச்சிட்டு ஓடிட்டா. எனக்கு ஒங்க நெனப்புதான் வந்துச்சி. எனக்கு ஒங்களத்தான் புடிச்சிருக்கு."

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வெட்கத்தில் உயிரே போனது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து என் ஓலையை வாசித்தார்கள். பாதர் அந்த வரிக்கு வந்ததும், முன்வரிசையிலிருந்து ஜெரோம் அத்தான் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"ஒன்னுமில்ல பாதர். அன்னைக்கி எனக்கு எப்படி இருந்துச்சின்னு இவளுக்குத் தெரியணும்ல, அதான்."

அன்று என்னைவிட அதிகமாக வெளிறிப்போனவர் என் வீட்டுக்காரர். இன்றைக்கும் அத்தான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, இவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.