புதுக் கீபோர்டும் என் இடது கையும்

ஆவுடையார்கோவில்,
வெள்ளிக்கிழமை.

சிங்கப்பூரில் சீரோடு இருக்கும் மாப்பிள்ளை உதயசூரியன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் ஆத்மநாதன் எழுதுவது. இங்கு நானும் பரிமளாவும் சுகம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய கீபோர்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நல்ல சாமான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டது என் பழைய கீபோர்டின் கம்பெனி. இது அதைவிட மேல் என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். மேல்தான், ஆனா அது என் இடது கைக்குத் தெரியல மாப்பிள்ளை. பழசுல தானா ஓடுற தாளத்த நிறுத்துற பட்டன் இடது ஓரத்துல இருக்கும், பாடுறவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே சுண்டுவிரல நீட்டுனாப் போதும். புதுசுல அத வலது பக்கம் தள்ளிட்டு, பழைய எடத்துல டெமோன்னு ஒண்ண வச்சிருக்கான். அத அமுக்குனா பெட்டி நம்மளக் கேக்காம அதுவா ஒரு வெள்ளைக்காரப் பாட்ட வாசிக்க ஆரம்பிச்சிரும்.

போன வாரம் ஆலங்குடியில கல்யாண வரவேற்பு. எங்க கச்சேரிக் குழுவுல ஆரம்பத்துலேருந்து பாடுற சொர்ணவல்லி மொதப் பாட்டா அம்மன் பாட்டு எடுத்தாங்க. கண்ண மூடி உருகிப் பாடி, கடைசி வரிய இழுத்து நிறுத்துறாங்க, நானும் பழைய நெனப்புல சுண்டுவிரல நீட்டுனேன், ட்ரம்பெட்டும் டிரம்ஸுமா குதிச்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க, கல்யாண மாப்பிள்ளையோட கூட்டாளிக இதுவும் நிகழ்ச்சிதான்னு நெனச்சு மேடைக்கு முன்னால ஆட ஆரம்பிச்சுட்டானுங்க. பதறிப்போயி கைக்குக் கெடச்சதையெல்லாம் அமுக்குனதுல சுருதி மாறிப்போச்சு, அது எனக்குத் தெரியாது, அடுத்த பாட்டு ரொம்ப ஒசரத்துல கெளம்பிருச்சு. அந்தம்மா சரணம் வரைக்கும் தம் கட்டிப் பாத்துட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணே, மேல கூட்டிட்டுப் போறீங்களா, மேலயே அனுப்பி வச்சிரப் போறீங்களா"ன்னு கேட்டாங்க. மைக் ஆன்ல இருந்துச்சு. மண்டபமே சிரிச்சுச்சு.

திரும்பி வாரப்ப வேன்ல குழுவ நடத்துற நாகராசு மெதுவா, "அண்ணே, ஆனித் திருமஞ்சனத்துக்கு லேப்டாப் வச்சு வாசிக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரு. நீங்க கொஞ்ச நாள் வீட்டுல பழகுங்க"ன்னாரு. நம்ம ஊரு திருவிழா, நான் கீழ நின்னு பாக்கணுமாம். நான் முந்திரிக்காட்டப் பாத்துக்கிட்டே வந்தேன். அன்னையிலேருந்து தெனம் ஒக்காந்து பழகுறேன், ஒண்ணும் வரல.

அறந்தாங்கியில உங்க பெரியப்பா மக கல்யாணம் ஞாபகம் இருக்கா? கரண்டு போயி மைக்கெல்லாம் அடங்கிப்போச்சு. பழசு மட்டும் பேட்டரியில பாடிக்கிட்டிருந்துச்சு, பந்தியில இருந்தவங்க எலைய விட்டுட்டு வந்து நின்னாங்க. அப்பத்தான் உங்க அக்கா பரிமளா வந்து, "இது எப்படிங்க தானாத் தாளம் போடுது"ன்னு கேட்டா. எடது பக்கம் ஒரு கட்டையப் புடிக்கச் சொன்னேன். தாளம் ஓடுச்சு. சாப்பிடக் கூப்புட்டாங்க, கைய எடுக்க மாட்டேன்னுட்டா. இப்ப அந்தக் கீபோர்டுல பாதிக் கட்டை ஊமையாயிருச்சு.

ஆகையால், ஊருக்கு வரும்போது புதியதை எடுத்துக்கொண்டு, பழைய கம்பெனியிலேயே ஒன்று வாங்கித் தந்தால் போதும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
ஆத்மநாதன்

பின்குறிப்பு: கீபோர்டு விஷயமாக மேலே எழுதியதை விட்டுவிடவும். கடிதத்தை ஒட்டப் போறப்ப பரிமளா பழசப் பரண்லேருந்து எறக்கித் தொடச்சு வச்சு, "தம்பிக்குக் கடிதாசிய அனுப்புறதுக்கு முன்னாடி இத ஒருதடவ வாசிங்க"ன்னா. சத்தம் வார கட்டைகள வச்சே ஒரு பாட்டு வாசிச்சேன். முடிக்கணும். என் கை நேரா வலது பக்கம் போச்சு, புதுசுல நிறுத்துற பட்டன் இருக்குற எடத்துக்கு. இங்க அது வெறும் பிளாஸ்டிக்கு. தாளம் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. திருவிழாவுக்குப் புதுச எடுத்துக்கிட்டு நானே வாரேன்னு நாகராசுக்குப் போன் பண்ணிட்டேன், சொர்ணவல்லிகிட்ட அவரே பேசிக்கிறாராம். பழசுல தாளத்த நிறுத்துனது பரிமளாதான். எனக்குக் குறுக்கால கைய நீட்டி, பாக்காமலேயே இடது ஓரத்துப் பட்டன அமுக்குனா.